நூறு முகப் பகடை உருண்ட வருஷம்

பூங்கோதை தன் வீட்டுக் கூடத்தில் உருட்டிவிட்ட நூறு முகப் பகடை, கூடத்தில் நிற்காமல், நிலைப்படியைத் தாண்டி, வாசல் படிகளில் ஒவ்வொன்றாகக் குதித்து, கீழவீதியில் இறங்கி வடக்கு வீதிப் பக்கம் திரும்பிப் போய், அன்றைக்கு மட்டுமல்ல, அந்த வருஷம் முழுக்க விழாமலே உருண்டுகொண்டிருந்தபோது, வடகரைப்பேட்டையில் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வந்தால்தான் வாயைப் பிளப்பார்கள். நான் எதிர்வீட்டுக்காரி, பார்த்ததைச் சொல்கிறேன். நம்பாதவர்கள் எழுந்து போகலாம், நான் யார் கையையும் பிடித்து இழுத்து உட்காரவைக்கப் போவதில்லை.

பூங்கோதை பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள், ஏன் என்று யாருக்கும் சொல்லாதவள், கேட்க வந்தவர்களை எல்லாம் நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைச் சோதித்து, பவர் கூடியிருக்கிறது என்று சொல்லி அனுப்பியவள். அவளுக்குப் பகடை சேர்க்கிற பைத்தியம் உண்டு. சில பெண்கள் புடவை சேர்ப்பார்கள், சிலர் வன்மம் சேர்ப்பார்கள், இவள் பகடை. கூடத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி அடித்து, அதில் நாலு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் என்று வரிசை வரிசையாக வைத்திருந்தாள். தெளிந்த பிசினுக்குள் காய்ந்த செம்பருத்தி இதழ் உறைந்து கிடக்கும் ஒன்றில், பித்தளையில் எண்களைச் சுற்றிப் பாம்பு செதுக்கியிருக்கும் இன்னொன்றில், வேறொன்றில் கண்விழி மாதிரி ஏதோ எண்ணெய்க்குள் மிதந்து, எப்படித் திருப்பினாலும் நம்மையே பார்க்கும். நான் காபி கொண்டுபோகும்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம். மருந்துக்கடை நூர்ஜகான் வருவாள், கூரியர்காரர் அருள்தாஸ் வருவார். அருள்தாஸ் பகடைப் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்துக் கொடுத்து, ஒருநாள் உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டு உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஒருவர் கதை சொல்லுவார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாளுக்கு ஒரு வேஷம் கட்டி நடப்பார்கள். கோட்டைக் கதவை உடைக்கப் போகிறேன் என்றால் பகடையை உருட்ட வேண்டும், விழும் எண்தான் கதவு உடைந்ததா தோள் உடைந்ததா என்று சொல்லும். வெளிநாட்டு விதிப்படி இருபது முகத்தில் இருபது விழுந்தால் யோகம், ஒன்று விழுந்தால் நாசம். வடகரைப்பேட்டையில் அது எடுபடவில்லை. ஒன்று என்றால் தாயம், தாயம் விழாமல் காய் எப்படிக் கட்டத்துக்குள் இறங்கும், எந்த மடையன் தாயத்தைக் கெட்டது என்று எழுதினான் என்று நூர்ஜகான் ஒற்றைக் காலில் நின்று விதியையே திருப்பிப் போட்டுவிட்டாள். அவள் கதையில் பூட்டுத் திறக்கும் திருடி, நிஜத்தில் மாத்திரை அட்டையைக்கூடக் கத்தரிக்கோல் இல்லாமல் பிரிக்கத் தெரியாது.

பூங்கோதையின் அப்பா இறந்த முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு அண்ணன் இளஞ்செழியன் திருப்பூரிலிருந்து பெண்டாட்டியோடு வந்தான், பெரியப்பாவும் வந்திருந்தார், நான் பரிமாறப் போயிருந்தேன். படத்துக்கு மாலை போட்டு, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டபின் விஷயத்துக்கு வந்தான். வீட்டை இடித்துக் கடைகள் கட்டப் போகிறான். அப்பா உயில் எழுதவில்லை, ஆகையால் கோதை தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் ஒரு பட்டுப்புடவையையும் ஒரு வேளைச் சாப்பாட்டையும் வாங்கிக்கொண்டு, சிரித்த முகமாகப் போட்டுக்கொடுக்கிற கையெழுத்துதான் அது. புடவைகூட வாங்கி வந்திருந்தான், கிளிப்பச்சை.

"இந்த வீட்டுல பாதி எனக்குண்ணே. நான் இங்கதான் இருப்பேன்" என்றாள் பூங்கோதை.

"பாதிய வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போற? சோழி உருட்டப் போறியா?"

"உருட்டுவேன்."

பெரியப்பா தொண்டையைச் செருமினார். அண்ணி புடவையை மடித்துத் திரும்பப் பையில் வைத்தாள். இளஞ்செழியன் எழுந்து அலமாரிக் கதவைத் திறந்து பகடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான், சந்தையில் கத்தரிக்காய் பார்க்கிற மாதிரி. "சரி, எங்க பேச்சக் கேக்க மாட்ட. இது பேச்சயாச்சும் கேப்பியா? உருட்டு. தாயம் விழுந்தா வீடு பூராவும் உனக்கு, நான் இந்தப் பக்கமே திரும்பல. வேற எது விழுந்தாலும் கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பணும். பெரியப்பா சாட்சி."

அந்த இடத்தில் நான் அவள் கையைக் கிள்ளினேன். வேண்டாம் என்றுதான் கிள்ளினேன். அவளுக்கோ வீம்பு தலைக்கு ஏறியிருந்தது. தான் நேசித்த பொருளைக் கத்தரிக்காய் மாதிரி எடுத்துப் பார்க்கிறவனைக் கண்டால் யாருக்குத்தான் ஏறாது. "எதை உருட்டணும், நீங்களே எடுத்துக் குடுங்கண்ணே" என்றாள்.

அவன் தேடினான். மேல்தட்டில் தனியாக, எலுமிச்சம்பழம் அளவில், தந்த நிறத்தில் ஒன்று இருந்தது. இதில் எத்தனை முகம் என்றான். நூறு என்றாள். அவன் முகத்தில் வந்த சிரிப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். நூறில் ஒரு முகம்தான் தாயம் என்று கணக்குப் போட்டான், கணக்கு சரிதான். ஆனால் பகடை சேர்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் அவனுக்குத் தெரியவில்லை. நூறு முகம் வைத்தால் பகடை கிட்டத்தட்டப் பந்தாகிவிடும், பந்து லேசில் நிற்காது. பூங்கோதையே அதை ஆட்டத்துக்கு எடுக்க மாட்டாள், மேஜையிலிருந்து ஓடி பீரோவுக்கு அடியில் போய்விடுகிறது என்று அழகுக்கு மட்டும் வைத்திருந்தாள். ஆசைப்பட்டு ஆசைப்பட்டு, நிற்கவே நிற்காத ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

அவள் உருட்டினாள். அதற்கப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். பெரியப்பா, அண்ணன், அண்ணி, நான், எல்லாரும் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற மாதிரி அதன் பின்னாலேயே தெருவில் இறங்கினோம். அது வடக்கு வீதி, மேலவீதி, தெற்கு வீதி என்று கோயிலைச் சுற்றிக்கொண்டு, நடக்கிறவன் வேகத்தில், தேர் சுற்றும் திசைக்கு நேர் எதிர்த் திசையில் போயிற்று. நாங்கள் கால் ஓய்ந்து வாசலுக்கு வந்து உட்கார்ந்தபோது எங்களைத் தாண்டி அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிட்டது. "இன்னும் விழல" என்றார் பெரியப்பா. விழாதவரைக்கும் யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை, அவரே அப்படித் தீர்ப்பும் சொன்னார்.

இளஞ்செழியன் விடுவானா. குனிந்து அள்ளிக் கைக்குள் மூடினான், மூடிய கைக்குள்ளேயே அது சுற்றிச் சுற்றி உள்ளங்கையைக் கொப்புளமாக்கியது, உதறினான், விட்ட இடத்திலிருந்து உருண்டு போயிற்று. பெரிய அண்டாவைக் கவிழ்த்து மூடினான். அது அண்டாவுக்குள் வட்டமடித்துப் போட்ட சத்தம் நாலு வீதிக்கும் கேட்டு, கோயில் யானை பிளிறி, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். கடைசியில் அவன் பெண்டாட்டியே காதைப் பொத்திக்கொண்டு வந்து அண்டாவைத் தூக்கினாள். "விழுந்தா போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு இருவரும் திருப்பூர் பஸ் ஏறினார்கள். பூங்கோதை அதைத் துரத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது தாண்டிப் போனால் ஒரு பார்வை பார்ப்பாள், வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஊர் அதைப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். கோலம் போடுகிற பெண்கள் பகடை வரும் தடத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டார்கள். பிறகு அந்த இடைவெளியே ஒரு கோலமாகி, வெளியூரிலிருந்து வந்த மருமகள்கள் அதைக் கற்றுக்கொண்டு தாய் வீட்டு வாசலிலும் போட்டார்கள். மினிபஸ் டிரைவர் பகடைக்கு ஒரு ஹாரன், ஆட்களுக்கு ஒரு ஹாரன் என்று தனித்தனியாக அடித்தார். நாய்கள் முதல் வாரம் குரைத்தன, அடுத்த வாரம் முகர்ந்தன, அதற்கப்புறம் கண்ணைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கவுன்சிலர் ராஜமாணிக்கம் மேலவீதியில் வேகத்தடை போட்டபோது நடுவில் பகடை போக ஒரு வாய்க்கால் விட்டுப் போட்டார், அதில் தன் பெயரையும் எழுதிக்கொண்டார். மழைக்காலத்தில் தேங்கின தண்ணீரில் அது மிதக்காமல் தரையைப் பிடித்து உருண்டுபோனதைக் குழந்தைகள் கப்பல் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

தேர்த் திருவிழாவில்தான் சிக்கல் வந்தது. தேர் கீழவீதியில் தெற்கே வருகிறது, பகடை அதே வீதியில் வடக்கே வருகிறது, வடம் பிடித்தவர்கள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். சாமிக்கு எதிரே அப்பிரதட்சிணமாக வருகிற ஒரு பொருளை அனுமதிப்பதா என்று ஒரு கூட்டம், அதுவும் வருஷம் முழுக்கக் கோயிலைச் சுற்றுகிறது, நாம் எத்தனை சுற்றுச் சுற்றினோம் என்று ஒரு கூட்டம். இவர்கள் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் பகடை தேருக்கு அடியில் புகுந்து, நாலு சக்கரத்துக்கும் நடுவால் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது. தேரும் நகர்ந்தது. அடுத்த நாள் பேசுவதற்கு யாரிடமும் ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் பகடையைவிட வேகமாக ஊரைச் சுற்றியது வேறொன்று. அது ஒரு பேச்சு. "பகடை விழட்டும்." முதலில் பாத்திரக்கடைக்காரரின் மகள் சொன்னாள், படிப்பை நிறுத்திவிட்டு மாமனைக் கட்டிக்கொள் என்றபோது, பகடை விழட்டும் பார்ப்போம் என்று. வடக்கு வீதியில் ஒருத்தி, குடித்துவிட்டு அடிக்கிற புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போ என்று பஞ்சாயத்துப் பேச வந்தவர்களுக்கு மோர் கொடுத்து, பகடை விழட்டும் என்று அனுப்பிவைத்தாள். சொத்து வேண்டாமென்று எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்த பெண்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். மன்னார்குடியிலிருந்து வந்த என் தம்பிக்கு நானும் அதையேதான் சொன்னேன். அண்ணன் தம்பிகளுக்கு எரிச்சல், ஆனால் என்ன செய்ய முடியும், பகடை கண் எதிரே உருண்டுகொண்டிருக்கிறது. மாட்டேன் என்று சொன்னால் அடங்காப்பிடாரி என்பார்கள், பகடை விழட்டும் என்றால் ஊர் வழக்கம் என்று தலையாட்டுவார்கள். எனக்கு அந்த வருஷம் போல ஒரு வருஷம் வாய்க்கவில்லை. மனசு நிறைந்து சொல்கிறேன், காலையில் அந்த உருளும் சத்தம் கேட்டால்தான் எனக்குக் காபியே இறங்கும்.

ஆண்கள் சும்மா இருக்கவில்லை. நாலு வீதிக்கும் தார்ச் சாலை வேண்டுமென்று நாங்கள் மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை வலித்துப் போயிருந்தோம், ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. இளஞ்செழியன் இரண்டு தடவை வந்து கவுன்சிலரோடு பேசிவிட்டுப் போனதும், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், பூங்கோதை கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவள் வாசலுக்கு நேரே சூடான தாரைக் கொட்டினார்கள். முதலில் அந்த இடத்தில்தான் கொட்டினார்கள். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "தள்ளுங்கம்மா, பாதம் வெந்துரும்" என்றான் ரோலர்காரன். பகடை தெற்கு வீதி முனையில் திரும்பி வந்தது. எப்போதும்போல் வந்தது, தாரில் இறங்கியது, ஒரு முழம் போயிற்று, மெதுவாயிற்று, இன்னும் அரை முழம் போயிற்று. நின்றது. வீதியில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை.

சாயங்காலத்துக்குள் இளஞ்செழியன் வாடகைக் காரில் வந்து இறங்கிவிட்டான். பெரியப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். தார் இறுக ஆரம்பித்து, பகடை பாதி புதைந்து, பாதி வெளியே தெரிந்தது. ஊரே சுற்றி நின்றது. ஆனால் மேலே இருக்கும் எண் என்ன என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. நூறு முகத்தில் எண்கள் எள் அளவுதான் இருக்கும், ஒரு வருஷம் தெருவில் தேய்ந்ததில் பாதி மழுங்கிப் போயிருந்தது, போதாததற்குத் தார். எழுபது என்றார் ஒருவர், பதினேழு என்றார் ஒருவர், கவுன்சிலர் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து அது தார் என்றார். கடைசியில் எல்லார் கண்ணும் பூங்கோதை மேல் வந்து நின்றது. கண்ணாடிக்கடைக்காரி அவள்தானே.

அவள் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியோடு தார் ஓரத்தில் மண்டியிட்டாள். நூர்ஜகான் அவள் பக்கத்தில் குந்தி, காதோடு காதாகச் சொன்னது பின்னால் நின்ற எனக்கே கேட்டது. "ஒண்ணுன்னு சொல்லிடுடி. எவனுக்குத் தெரியப்போவுது?"

பூங்கோதை வெகுநேரம் பார்த்தாள். ஒரு விரலால் தாரைச் சுரண்டிவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். எழுந்தாள்.

"நாப்பத்தேழு" என்றாள். பூதக்கண்ணாடியை அண்ணனிடம் நீட்டினாள். "வேணும்னா நீங்களும் பாத்துக்கங்க."

அவன் பார்த்தான், அருள்தாஸ் பார்த்தார், பெரியப்பாவுக்கு இரண்டு பேர் பிடித்துக்கொண்டு காட்டினார்கள். நாற்பத்தேழுதான். நூர்ஜகான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பால் போய்விட்டாள். இளஞ்செழியன் அக்குளில் வைத்திருந்த உறையை எடுத்தான். "பேச்சுன்னா பேச்சு. போட்டுட்டுக் கெளம்பு."

"போட மாட்டேன்" என்றாள்.

"ஊரே சாட்சி கோதை. தாயம் விழல."

"வாக்குக் குடுத்தியேம்மா" என்றார் பெரியப்பா.

"குடுத்தேன் பெரியப்பா. கோவத்துல குடுத்தேன், அது என் தப்பு. வெளயாட்டுல தோத்துட்டேன், அத நானே படிச்சுச் சொல்லிட்டேன். தோத்தது வெளயாட்டுலதான்." அவள் குரல் ஏறவில்லை. பவர் எவ்வளவு என்று கடையில் சொல்லுகிற குரல்தான். "தாயம் விழணும், நூறுல ஒண்ணா விழணும்னு நான் எதுக்குக் காத்துக்கிட்டு நிக்கணும்? எனக்குத் தாயம் நான் இந்த வீட்டுல பொறந்தன்னிக்கே விழுந்தாச்சு. உங்களுக்கு விழுந்த அதே தாயம்தாண்ணே எனக்கும்."

தாயம் என்றால் ஒன்று. தாயம் என்றால் சொத்தில் பங்கும்தான், அந்தப் பங்கு உள்ளவன் என்பதால்தான் பங்காளிக்குத் தாயாதி என்று பெயர். பாதிப் பேர் தாயாதிகளாகவே நின்ற அந்தக் கூட்டத்தில் இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் உறையைத் திரும்ப அக்குளில் செருகிக்கொண்டான்.

"கோர்ட்டுல பாத்துக்கறேன்" என்று கத்தினான்.

"போங்கண்ணே. அங்க பகடை உருட்டச் சொல்ல மாட்டாங்க."

சொல்லிவிட்டு, ஆறியும் ஆறாத தாரில் தடம் பதிய நடந்து, படியேறி உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. போய் விளக்கைப் போட்டாள், வாசலில் நின்ற கூட்டத்துக்குக் கூடத்து அலமாரி முழுக்கத் தெரிந்தது. சிவப்பும் பச்சையும் பித்தளையுமாக, பகடை அத்தனையும் வைத்த இடத்தில் இருந்தன. நாங்கள் கலைந்தோம்.

நான் வீட்டுக்கு வந்து உலை வைக்கும்போது போன் அடித்தது. என் வீட்டில் மட்டுமல்ல, கீழவீதியில் வீட்டுக்கு வீடு அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. மன்னார்குடித் தம்பி.

"பகடை விழுந்திருச்சாமேக்கா?"

"விழுந்திருச்சு."

"தாயம் இல்லியாமே?"

"இல்ல."

"அப்ப நாளைக்குப் பத்திரத்த எடுத்துக்கிட்டு வரவா?"

இனிமேல் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வருஷமாகத் தெருவில் உருண்டு எங்களுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது தாரில் புதைந்து கிடந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு, போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வாடா. வாழைப்பூ வடை சுடறேன், சாப்பிட்டுட்டுப் போ. கையெழுத்து மட்டும் கெடையாது."